கையுறை சொன்ன செய்தி: நிறம் வெளுக்கும் மருந்தொன்றின் வரலாறு



தேயிலை விளையும் மலையில் நின்று பேசுகிறேன். ஆகவே தேநீரிலிருந்தே தொடங்குகிறேன். "தேத்தண்ணி குடித்தால் கறுத்துப் போவாய்" என்று பிள்ளைகளை அதட்டாத தமிழ் வீடு அரிது. அக்கூற்றுக்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை. தேநீரின் நிறம் வயிற்றைக் கடந்து தோலுக்கு வந்து சேர்வதில்லை. ஆயினும் அச்சொல்லுக்குள் ஓர் அச்சம் ஒளிந்திருக்கிறது. கறுத்துப் போதல் ஒரு குறை என்பதே அவ்வச்சம். பிள்ளைப் பருவத்தில் விதைக்கப்படும் அவ்வச்சம் பருவ வயதில் ஒரு சிறு டப்பாவைத் தேடிக் கடைக்குப் போகச் செய்கிறது. அந்த டப்பாவுக்குள் இருக்கக்கூடிய பொருள்களுள் ஒன்றாகிய ஹைட்ரோகுவினோன் என்பதன் வரலாறே இன்றைய உரையின் பொருள்.

இவ்வரலாற்றில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. இப்பொருளின் வெளுக்கும் ஆற்றல் அழகைத் தேடியவர்களால் கண்டறியப்பட்டதன்று. அது முதலில் உழைப்பாளிகளின் கைகளில் நேர்ந்த தீங்காகவே உலகிற்குத் தெரியவந்தது. அத்தீங்கே பின்னர் மருந்தாயிற்று, மருந்து பண்டமாயிற்று, பண்டம் மீண்டும் எளிய மக்களின் தோலிலேயே தீங்காக வெளிப்பட்டது.

மாமையும் பசலையும்

முதலில் நம் மொழியின் பழைய நினைவு ஒன்றைத் தொட்டுச் செல்வோம். சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியழகைக் குறிக்க வழங்கிய சிறந்த சொற்களுள் ஒன்று மாமை. அதனை மாந்தளிர் போன்ற நிறம் என்றும், கருமை தழுவிய நிறம் என்றும் உரைகாரர்கள் விளக்குவர். அந்நிறம் மங்கி வெளிறுவதற்குப் பசலை என்று பெயர். பசலை பிரிவின் நோய். பீர்க்கம்பூவின் நிறத்தோடு அதனை ஒப்பிடுவது மரபு. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார், தலைவியின் மாமையழகைப் பசலை உண்ண வருவதாகப் பாடுகிறார். திருக்குறளோ பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரத்தையே இத்துன்பத்திற்கு ஒதுக்கியுள்ளது.

நிறம் வெளிறுதலை நோயென்றும், மேனியின் இயல்பான நிறத்தை நலமென்றும் கண்ட மொழி நம்முடையது. அம்மொழியைப் பேசுவோரிடையே இம்மதிப்பு எக்காலத்தில், எவ்வெக் காரணங்களால் தலைகீழாயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது. இங்கு அதனை நினைவூட்டுவதோடு அமைகிறேன்.

மரப்பட்டையில் தொடங்கிய வேதியியல்

தோட்டப்புறத்து முதியவர்களுக்குக் கொய்னாவின் கசப்பு நினைவிருக்கும். மலைக்காய்ச்சலுக்குத் தரப்பட்ட அம்மருந்து சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. 1860களில் நீலகிரி மலைச்சரிவுகளில் அரசே அம்மரத்தைப் பயிரிட்டது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1820இல், பிரெஞ்சு மருந்தியலாளர்களாகிய பெல்லெட்டியரும் கவெந்துவும் அப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில், குயினிக் அமிலத்தை உலர் நிலையில் சூடேற்றி வடித்தபோது அவர்களுக்கு வேறொரு பொருளும் கிடைத்தது. அதற்கு ஹைட்ரோகுவினோன் என்னும் பெயரை 1840களில் செருமானிய வேதியியலாளர் வோலர் சூட்டினார். குயினிக் அமிலம் சிங்கோனாவில் மட்டுமன்றி, காப்பிக் கொட்டையிலும் நம் தேயிலையிலும் கூட உண்டு.

ஹைட்ரோகுவினோனின் அமைப்பு எளிது. ஆறு கரிம அணுக்கள் சேர்ந்த ஒரு வளையம். அவ்வளையத்தின் எதிரெதிர் முனைகளில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த இரண்டு தொகுதிகள். இவ்வமைப்பால் அது தன் எலக்ட்ரான்களை எளிதில் பிறவற்றுக்குக் கொடுத்துவிடும். கொடுத்தபின் தானே பழுப்பு நிறமாக மாறும். இவ்வியல்பே அதற்குப் பல தொழில்களில் இடம் தந்தது. 1880க்குப் பின் அது ஒளிப்படக் கூடத்தின் இருட்டறைக்குள் நுழைந்தது. ஒளிபட்ட வெள்ளி உப்பைக் கரிய வெள்ளித் துகளாக மாற்றிப் படத்தைத் துலங்கச் செய்யும் கரைசலில் அது சேர்ந்தது. பிற்காலத்தில் மனிதரை வெளுக்கச் செய்யவிருந்த பொருள், முதலில் புகழ் பெற்றது படத்தைக் கறுக்கச் செய்வதற்காகவே.

ரப்பர்க் கையுறை

அடுத்த கட்டம் நம் முன்னோரின் உழைப்போடு தொடர்புடையது. 1930களில் உலகில் விளைந்த இயற்கை ரப்பரின் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் சென்றது. அதனை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. மலாயாவில் அப்பாலைச் சீவியெடுத்தவருள் தமிழர் பெருந்தொகையினர். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் ரப்பர் நாளடைவில் இறுகி வெடிக்கும். அதைத் தடுக்க ஆலைகளில் சில வேதிப்பொருள்களைக் கலப்பார்கள். அவற்றுள் ஒன்று ஹைட்ரோகுவினோனின் நெருங்கிய உறவுப் பொருளான மானோபென்சைல் ஈதர்.

1939இல் அமெரிக்க மருத்துவர்களான ஆலிவர், சுவார்ட்ஸ், வாரன் ஆகியோர் ஒரு குறிப்பை வெளியிட்டனர். தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்தவர்களின் கைகளிலும் முன்கைகளிலும் நிறம் போய் வெள்ளைத் திட்டுகள் தோன்றியிருந்தன. ஆலையின் பதனிடு பொருள்களை ஆராய்ந்தனர். காரணம் அவற்றில் இல்லை. கைகளைக் காப்பதற்கென அணிந்த கையுறையிலேயே அது இருந்தது. ரப்பரில் கலந்திருந்த மானோபென்சைல் ஈதரே தோலின் நிறத்தை அழித்திருந்தது. தொழில்வழி நேர்ந்த வெண்திட்டு என்று மருத்துவ நூல்கள் இதனைப் பதிவு செய்தன.

தீங்கு மருந்தான விதம்

கைகளில் நிறத்தை அழித்த பொருள், முகத்தில் வேண்டாத கருந்திட்டையும் அழிக்குமன்றோ என்ற எண்ணம் அடுத்து எழுந்தது. 1950களில் மானோபென்சைல் ஈதரைக் களிம்பாக்கிக் கருந்திட்டுகளுக்குப் பூசிப் பார்த்தனர். பலருக்குத் திட்டு சீராக மறையவில்லை; வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, அவை நிலைத்தும் போயின. ஆகவே அம்மருந்தின் பயன் மிகச் சுருங்கியது. வெண்புள்ளி உடலின் பெரும்பகுதியில் பரவியவர்களுக்கு, எஞ்சிய நிறத்தையும் நீக்கி மேனியை ஒருநிறமாக்குவதற்கு மட்டும் அது ஒதுக்கப்பட்டது.

அதன் பின்னரே ஹைட்ரோகுவினோன் நேரடியாகத் தோல் மருத்துவத்துக்கு வந்தது. 1961இல் சுபென்சரும், 1965இல் ஆர்ன்ட், பிட்ஸ்பாட்ரிக் ஆகியோரும் அதன் விளைவை மருத்துவ இதழ்களில் எழுதினர். 1975இல் கிளிக்மன், வில்லிசு என்னும் இருவர் ஹைட்ரோகுவினோனோடு டிரெட்டினாயினையும் ஒரு ஸ்டீராய்டையும் சேர்த்த கூட்டு மருந்தை முன்மொழிந்தனர். அக்கூட்டின் வழித்தோன்றல்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

அது வேலை செய்யும் முறையை எளிதாகக் கூறலாம். நம் மேல்தோலின் அடியில் நிறமிச் செல்கள் உள்ளன. டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை, டைரோசினேஸ் என்னும் நொதியின் துணைகொண்டு படிப்படியாக மாற்றி அவை மெலனினை உண்டாக்குகின்றன. அம்மெலனின் கதிரவனின் புற ஊதாக் கதிரிலிருந்து செல்லின் மரபுப் பொருளைக் காக்கும் குடை. ஹைட்ரோகுவினோனின் உருவம் டைரோசினை ஒத்திருப்பதால், நொதி ஏமாந்து அதனைப் பற்றிக்கொள்கிறது. மெலனின் உற்பத்தி குறைகிறது. அதோடு நில்லாமல், ஹைட்ரோகுவினோன் சிதைந்து உண்டாகும் பொருள்கள் நிறமிச் செல்லையே புண்படுத்தவும் கூடும். அளவறிந்து பூசினால் மருந்து; அளவு கடந்தால் கையுறையின் கதைதான்.

ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். ஹைட்ரோகுவினோன் முற்றிலும் விலக்கத்தக்க நஞ்சன்று. பெண்களின் கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்குக்கு, மருத்துவர் 2 முதல் 4 விழுக்காட்டுக் களிம்பைச் சில மாதங்களுக்கு மட்டும், வெயில் தடுப்புடன், கண்காணித்துத் தருவது ஏற்கப்பட்ட மருத்துவமே. ஆனால் பூசிய மருந்து தோலின் மேலேயே தங்கிவிடுவதில்லை. அதில் ஏறத்தாழ 35 முதல் 45 விழுக்காடு வரை உடலுக்குள் ஈர்க்கப்படுகிறது என ஆய்வுகள் கணித்துள்ளன. கருவுற்ற பெண்கள் அதனைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் கூறுவது இதனாலேயே.

நிறவெறி நாட்டில் விளைந்த பாடம்

மருந்து பண்டமானதன் விளைவைத் தென்னாப்பிரிக்கா முதலில் கண்டது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்கள் அந்நாட்டின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள். 1950இல் அங்கு இயற்றப்பட்ட மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்துப் பதிந்தது. எங்கே குடியிருக்கலாம், எப்பள்ளியில் படிக்கலாம் என்பவை அப்பதிவைச் சார்ந்தன. நிறமே விதியாக இருந்த அந்நாட்டில் வெளுக்கும் களிம்புகளின் வாணிகம் செழித்ததில் வியப்பில்லை.

1975இல் ஃபிண்ட்லே, மாரிசன், சிம்சன் ஆகிய மருத்துவர்கள் அங்குள்ள கறுப்பினப் பெண்களின் முகத்தில் கண்ட ஒரு புதுநோயை விவரித்தனர். ஹைட்ரோகுவினோன் களிம்பை ஆண்டுக்கணக்கில் பூசியவர்களின் கன்னங்கள் வெளுக்கவில்லை. மாறாக, கருநீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் கடுத்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகியிருந்தன. வெளியிலிருந்து வந்த ஓக்ரோனோசிசு என்று இந்நிலையை மருத்துவம் அழைக்கிறது. வேறொரு பரம்பரை நோயில் காணும் இத்தகைய படிவுக்கு அப்பெயரை 1866இல் செருமானிய அறிஞர் விர்ச்சோ இட்டார். நுண்ணோக்கியில் அது காவிமண் நிறத்தில் தெரிந்ததே காரணம். தோலின் ஆழத்தில் படியும் இந்நிறம் எளிதில் நீங்குவதில்லை. கொடுமை என்னவெனில், முகம் கறுக்கிறது என்று கண்டவர்கள் களிம்பை இன்னும் மிகுதியாகப் பூசினர். நோய் இன்னும் முற்றியது.

மருத்துவர்களும் கறுப்பின உணர்வியக்கத்தினரும் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 1980களில் அளவு 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, அதுவும் போதவில்லை. 1990இல் அரசு அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுவினோனைத் தடை செய்தது. 2001இல் ஐரோப்பிய ஒன்றியமும் தோல் வெளுக்கும் அழகுப் பொருள்களில் அதனைத் தடுத்தது. அமெரிக்காவில் மருத்துவச் சீட்டின்றி விற்கும் வழக்கம் 2020இல் முடிவுக்கு வந்தது.

1975 என்னும் ஆண்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கூட்டு மருந்து முன்மொழியப்பட்டது அவ்வாண்டு. நோய் விவரிக்கப்பட்டதும் அவ்வாண்டு. இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு சந்தைக்கு வந்ததும் அவ்வாண்டே. அக்களிம்பில் இருந்தது ஹைட்ரோகுவினோன் அன்று. நியாசினமைடு என்னும் உயிர்ச்சத்து வகைப் பொருள். 2020இல் அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' நீக்கப்பட்டது. ஆயினும் வெள்ளை முகமே வேலையும் திருமணமும் தரும் என்னும் விளம்பரப் பாடம் இரண்டு தலைமுறைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. மிதமான களிம்பால் நிறைவடையாதவர்கள் கடுமையானதைத் தேடினர். இந்தியாவில் ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் கலந்த களிம்புகளைச் சீட்டின்றி வாங்கிப் பூசி முகம் சிவந்து மெலிந்தோர் பெருகினர். தோல் மருத்துவர்களின் தொடர் முறையீட்டுக்குப் பின், 2018இல் 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவச் சீட்டுப் பட்டியலில் இந்திய அரசு சேர்த்தது.

நெற்றியில் ஒரு சான்று

தொலைநாட்டுக் கதையென்று இதனை ஒதுக்க முடியாது. சான்று நம் நெற்றியிலேயே இருந்தது. குங்குமத்தின் இடத்தை ஒட்டும் பொட்டு பிடித்தபின், சில பெண்களுக்குப் பொட்டு வைத்த இடத்தில் அதே வட்டத்தில் வெள்ளைத் திட்டு தோன்றியது. இந்திய மருத்துவர்கள் 1980களிலும் 1990களிலும் இதனை ஆராய்ந்து எழுதினர். பொட்டின் பசையிலிருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் பொருளே காரணம் எனக் கண்டனர். இதுவும் ஹைட்ரோகுவினோனைப் போன்ற வளைய அமைப்புடையது. டைரோசினைப் போல நடித்து நிறமிச் செல்லுக்குள் நுழைவது. ரப்பர்ச் செருப்பின் வார் பட்ட இடத்திலும் இத்தகைய திட்டுகள் பதிவாகியுள்ளன. கையுறையில் நிகழ்ந்ததே காலிலும் நெற்றியிலும் நிகழ்ந்தது.

பெருநிறுவனம், நவீன ஆய்வகம் என்பன மட்டும் காவலாகிவிடா என்பதற்கு 2013ஆம் ஆண்டின் ஜப்பான் ஒரு சான்று. ரோடோடெனால் என்னும் வெளுப்புப் பொருள் கலந்த பூச்சுகளைக் கானெபோ நிறுவனம் அவ்வாண்டு சூலையில் திரும்பப் பெற்றது. 19,000க்கும் மேற்பட்டோருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் தோன்றியிருந்தன. வேதியியல் குடும்பம் மீண்டும் அதுவே.

மலேசியச் சட்டமும் சந்தையும்

நம் நாட்டில் நிலை என்ன? ஆசியான் நாடுகள் 2003இல் ஒப்புக்கொண்ட பொது அழகுப்பொருள் விதிகள் 2008 தொடக்கத்திலிருந்து மலேசியாவில் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி தோல் வெளுக்கும் அழகுப் பொருளில் ஹைட்ரோகுவினோன் இருத்தல் கூடாது. மருந்தென்ற வகையில் அது கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சுப் பொருள். மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே வழங்கத்தக்கது. சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், தடைசெய்யப்பட்ட பொருள் கண்டறியப்பட்ட பூச்சுகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு அவற்றின் அறிவிக்கையை நீக்கி வருகிறது. அப்பட்டியல்களில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பாதரசம், ஸ்டீராய்டு ஆகியன திரும்பத் திரும்ப வருகின்றன. சட்டத்தை மீறி விற்கும் தனியாளுக்கு முதற் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை தண்டமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரை தண்டம்.

இவற்றுள் பாதரசம் தனி எச்சரிக்கைக்குரியது. 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், சிறுநீரக நோயோடு வந்தவர்களிடம் உசாவிய மருத்துவர்கள், பலர் பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பைப் பூசி வந்ததைக் கண்டறிந்தனர். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் நோயாக வெளிப்பட்டது.

இம்மலைக்கு உரிய செய்தி

இனி, இவ்வுரையை ஏன் இம்மலையில் நிகழ்த்துகிறேன் என்பதைக் கூறி முடிக்கிறேன். 1929இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலம் முதல் கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் தமிழர் உழைத்து வந்துள்ளனர். திரிங்காப்பைச் சூழ்ந்த காய்கறித் தோட்டங்களிலும் உழைப்பு வெட்டவெளியிலேயே நடக்கிறது. இங்குக் குளிர் மிகுதி. ஆகவே வெயில் குறைவு என்று நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கும் அருகில் இருக்கிறோம். மெல்லிய பனிமூட்டம் அக்கதிரை முழுதும் தடுப்பதில்லை. ஆகவே குளிர்ந்த காற்றிலும் நம் தோல் ஒவ்வொரு நாளும் போராடுகிறது. அப்போரின் கேடயம் மெலனின். நாள் முழுதும் சரிவில் நிற்கும் ஒருவர், மருத்துவர் சொல்லாமலே ஹைட்ரோகுவினோனைப் பூசுவது, மழைக்காலத்தில் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும். வெயிலும் நீண்டகாலப் பூச்சும் ஒருங்கே சேருமிடத்தில் தான் தென்னாப்பிரிக்காவின் கருநீலத் திட்டு தோன்றியது.

வீட்டில் ஏற்கெனவே அத்தகைய டப்பா இருப்பின், சிலவற்றைப் பாருங்கள். பெயர், உட்பொருள், தயாரிப்பாளர் முகவரி அச்சிடப்படாத களிம்பை ஒதுக்குங்கள். என்.ஓ.டி. எனத் தொடங்கும் அறிவிக்கை எண்ணை ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்வார்கள். எண் அச்சிடப்பட்டிருப்பது மட்டும் போதாது. அது நீக்கப்பட்டிருக்கவும் கூடும். ஒரு வாரத்தில் வெளுக்கும் என்னும் உறுதிமொழியே ஓர் எச்சரிக்கை. நெடுநாள் பூசியவர்கள் வெட்கப்படாமல் டப்பாவோடு மருந்தகத்துக்குச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்ததைத் திடீரென நிறுத்தினாலும் முகம் எரிந்து சிவக்கும். நிறுத்தும் முறையையும் அவரே சொல்ல வேண்டும்.

மொழிக்காகக் கூடிய அவை இது. ஆதலின் மொழி பற்றி ஒரு சொல். பெண் பார்க்கும் பேச்சில் "பெண் கொஞ்சம் நிறம் கம்மி" என்கிறோம். அறிவியல் நோக்கில் அச்சொல் தவறு. கரிய தோலில் நிறம் குறைவன்று, நிறமியே மிகுதி. குறைந்திருப்பது நம் சொல்லில் உள்ள உண்மை. மாமை என்னும் சொல்லைப் பெற்றிருந்த மொழி, அவ்வழகைக் குறையென்று பெயரிட்ட நாளிலிருந்து, அக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி விற்பவனுக்கும் வழி திறந்துவிட்டது. சட்டம் களிம்பைத் தடுக்கலாம். சொல்லைத் தடுக்க நம்மால்தான் இயலும்.

1939இல் ஆலைத் தொழிலாளியின் கை வெளுத்தபோது அதனை எவரும் அழகென்று சொல்லவில்லை, தீங்கென்றே எழுதினர். அம்முதற் குறிப்பின் தெளிவு நமக்கும் வேண்டும். கொழுந்து கிள்ளிக் கறுத்த கையே இம்மலையைப் பச்சையாக்கியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அடுத்த முறை தேநீர் கேட்கும் பிள்ளையை அச்சுறுத்தாமல் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்போம்.